இருபத்துநாலு கால், ஒரு வகுத்தல்

எங்கள் ஓய்வுபெற்ற பொறியாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். செயலாளர் ராஜப்பன் சார் போனிலேயே தலைப்பையும் கொடுத்துவிட்டார்: 'என் பணிக்காலத்தின் பெருமைக்குரிய சாதனை'. மாதிரிக்காகப் போன வருட மலரைப் புரட்டினேன். எழுதிய பதினோரு பேரும் ஆளுக்கொரு பேரழிவைத் தன்னந்தனியாக நின்று தடுத்திருக்கிறார்கள். ஒருவர் அரபிக்கடலையே கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார். போன வாரம் சங்குமுகம் கடற்கரைப் பக்கம் போயிருந்தேன். கடல் அவர் கட்டுரையை இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது. படங்களில் பாதிப் பேர் ஒரே கோட்டு சூட்டைப் போட்டிருந்தார்கள், அது ஸ்டுடியோக்காரனுடையது.

"நீங்க அந்தக் கேடயம் கிட்டின கதைய எழுதணும் தாணு சார்," என்றார் ராஜப்பன் சார். "அந்த ஜெட்டியோட குட்டை பைல் விஷயம். டெக்னிக்கலா இருக்கணும், ஆனா ஃபேமிலியும் வாசிக்கணும். ரெண்டு பக்கம் மதி, போதும்."

கேடயம் உண்மைதான். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பல்லி வராமல் இருக்க என் மனைவி அதில் ஒரு மயிலிறகைச் செருகி வைத்திருக்கிறாள். ஆனால் கேடயத்திலிருந்து கதையைத் தொடங்கினால் முடிவில் நான் நல்லவனாகிவிடுவேன். அதனால் அதற்கு முன்னால் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது.

என் முழுப்பெயர் சிவதாணு. நாகர்கோவில் பக்கத்துக்காரன். படிப்பதற்காகத் திருவனந்தபுரம் வந்தவன், வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, கரமனையில் வீடும் கட்டி இங்கேயே தங்கிவிட்டேன். படித்ததும் பயிற்சி பெற்றதும் சொல்லுகிற மாதிரி ஒன்றுமில்லை. கல்லூரியில் தெரிந்துகொண்டதை அலுவலகத்தில் மறப்பதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. மற்றவர்களுக்கு ஆறு மாதம் போதுமாக இருந்தது.

அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். படகுத்துறைகளும் பாலங்களும் வடிவமைத்துக் கொடுக்கிற இடம். எங்கள் பிரிவுக்கு மேலதிகாரி சுகுமாரன் சார். பத்து பத்துக்கு வருவார். குடையை ஆணியில் மாட்டுவார். மூக்குக் கண்ணாடியைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, விசிறிக்குக் கீழே பிடித்துக் காயவைப்பார். அது காயும்வரை யாரும் கோப்புடன் உள்ளே போகக் கூடாது. மேசையில் ஒரு முனை சிவப்பும் ஒரு முனை நீலமுமாக ஒரு பென்சில். சிவப்பு முனை எங்கள் தவறுகளுக்கு. நீல முனை அவருடைய திருத்தங்களுக்கு. அவருடைய திருத்தம் தவறாகிப்போனால் அதையும் சிவப்பால்தான் சுழிப்பார், எங்கள் கணக்கில். கணக்குத்தாளில் கடைசி வரியை மட்டும் பார்ப்பார். வகுத்து மீதியில்லாமல் வந்தால் முகம் மலரும். தசமப் புள்ளியைக் கண்டால் சாப்பாட்டில் கல் அகப்பட்டது போல முகத்தைச் சுளிப்பார். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். அது தமிழ் என்று அவர்தான் சொல்லுவார்.

இப்போது அந்தப் படகுத்துறை. விழிஞ்ஞத்துக்குத் தெற்கே, மீன்படகுகள் அணைவதற்கு ஒரு சிறிய ஜெட்டி. கடல் தரைக்குள் கான்கிரீட் கால்களை இறக்கி, அவற்றின் தலைகளை ஒரு தளத்தால் பிணைப்பது. இந்தக் கால்களைத்தான் நாங்கள் பைல் என்போம். மொத்தம் இருபத்துநாலு கால். கரையோரமாக எட்டு, நடுவில் எட்டு, கடலோரமாக எட்டு. கடல் தரை சரிந்து இறங்குவதால் கரையோரக் கால்கள் குட்டை, கடலோரக் கால்கள் நெட்டை. தரைக்குள் பிடிமானம் கிடைக்கும் இடத்திலிருந்து அளந்தால் குட்டைக்கால் நாலரை மீட்டர், நெட்டைக்கால் ஒன்பது மீட்டர்.

படகு இடித்தால், அலை தள்ளினால், பக்கவாட்டில் எவ்வளவு பாரம் வரும் என்று முதலில் கணக்கிட வேண்டும். அது நாற்பத்தெட்டு டன் என்று வந்தது. அடுத்து, அதில் எந்தக் காலுக்கு எவ்வளவு பங்கு? அதற்கு எங்களிடம் அச்சடித்த படிவம் இருந்தது. மூன்றே வரி. மொத்த பாரம், கால்களின் எண்ணிக்கை, ஒரு காலுக்கு உள்ள பங்கு. கீழே கையெழுத்துக்கு மூன்று கட்டம்: கணக்கிட்டவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர். நாற்பத்தெட்டை இருபத்துநாலால் வகுத்தால் இரண்டு டன். மீதி இல்லை. சுகுமாரன் சாருக்காகவே கடல் அனுப்பிவைத்த எண்.

எனக்கு ஒரு நெருடல் இருந்தது. தளம் எல்லாத் தலைகளையும் சேர்த்துப் பிடித்திருப்பதால், தள்ளினால் எல்லாக் கால்களும் ஒரே அளவுதான் நகரும். நெட்டைக்கால் அந்த நகர்வுக்கு லேசாக வளைந்து கொடுத்துவிடும். குட்டைக்கால் வளையாது. வளையாதது பாரத்தை வாங்கிக்கொள்ளும். கல்லூரியில் முதல் வருடப் பாடம்.

"சார், குட்டைக்கால்தானே அதிகம் எடுக்கும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எடோ தாணு," என்றார் பென்சிலை உருட்டிக்கொண்டே. "இருபத்துநாலும் நம்ம பிள்ளைகளாக்கும். ஒருத்தனுக்கு கூடுதல், ஒருத்தனுக்கு குறவு, அது பாவமல்லே? சமமா கொடு. அது மதி."

நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையில் எனக்குப் பாதிக் குற்றம்தான் இருந்திருக்கும். ஆனால் எனக்கு அன்று ஒரு யோசனை உதித்தது. இரண்டு டன் எல்லோருக்கும் பொது என்றால், அந்த இரண்டு டன்னால் குட்டைக்காலில் வரும் முறிக்கும் விசை நெட்டைக்காலில் வருவதில் பாதிதானே? அப்படியானால் கரையோர எட்டுக் கால்களுக்கும் கம்பியைப் பாதியாகக் குறைக்கலாமே? கணக்குப் போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். சுகுமாரன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ மிடுக்கன்," என்றார்.

கெட்டிக்காரன் என்கிறார், எனக்கு உச்சி குளிர்ந்தது. கம்பியை மிச்சம் பிடித்ததற்காக மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கடிதம் சுகுமாரன் சார் பெயருக்கு. எனக்கு ஒரு பழம்பொரியும் சாயாவும். கணக்கிட்டவர் கட்டத்தில் என் கையெழுத்து, வால் சுழித்து, அழகாக இருந்தது.

ஜெட்டி கட்டி இரண்டாவது மழைக்காலத்தில், கடல்சுவருக்குக் கல் கொண்டுவந்த மிதவை ஒன்று கயிறு அறுந்து ஜெட்டியின் முகப்பில் வந்து மோதியது. அடுத்த நாள் போய்ப் பார்த்தால் முகப்பில் இருந்த நெட்டைக்கால்களில் ஒரு கீறல் இல்லை. பின்னால், கரையோரமாக, எதுவுமே தொடாத எட்டுக் குட்டைக்கால்களும் தளத்துக்கு ஒரு சாண் கீழே வெடித்து, கான்கிரீட் பெயர்ந்து, கம்பி வெளியே தெரிந்தது.

விசாரணைக் குழு என்று மூன்று பேர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். காலில் ஈரம் படாத தூரத்தில் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். அவர்கள் கண்டுபிடித்தது இது: இடி வாங்கிய கால்கள் நன்றாக இருக்கின்றன, இடி வாங்காத கால்கள் உடைந்திருக்கின்றன, ஆகவே உடைந்த கால்களில் சிமெண்ட் இல்லை. சிமெண்ட் இல்லையென்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். கரையோர வரிசை வார்த்தபோது மேற்பார்வை பார்த்தவர் யார்? ஓவர்சியர் மரியதாசன். மாலைக்குள் சஸ்பென்ஷன் உத்தரவு தயாராகிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் வேறெந்தத் தாளும் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.

மரியதாசன் குளச்சல்காரர். அந்த ஜெட்டிக்குப் பக்கத்துக் கடலோர ஊரில் பெண் கட்டி அங்கேயே இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கலவை போடும்போது வாளியில் தண்ணீர் ஒரு குவளை கூடினாலும் கொட்டச் சொல்லுவார். ஊர் மாதா கோவில் கமிட்டியில் பொருளாளர், உண்டியல் சாவி அவர் இடுப்பில் இருக்கும். சஸ்பென்ஷன் செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்கள் அந்தச் சாவியைத் திருப்பிக் கேட்டு வாங்கிவிட்டார்கள்.

வெடிப்புகளை அளந்து வர என்னைத்தான் அனுப்பினார்கள். ஜெட்டிக்கு அடியில் போகத் தெரிந்த ஆள் வேறு யாருமில்லாததால், சஸ்பென்ஷனில் இருக்கிறவரே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கடல் வற்றும் நேரம் பார்த்து அடியில் நுழைந்தோம். காலில் ஒட்டியிருந்த சிப்பியைக் கம்பித்தூரிகையால் சுரண்டி, சுண்ணாம்பு அடித்தார். சுண்ணாம்பு காய்ந்ததும் வெடிப்பு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. ஒவ்வொரு வெடிப்புக்கும் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டினோம். வெடிப்பு அசைகிறதா என்று பார்ப்பதற்கு அதுதான் வழி. அசைந்தால் கண்ணாடி உடையும்.

"எட்டையும் பாத்தியளா சார்?" என்றார். "எட்டும் ஒரே எடத்துல, ஒரே ஒசரத்துல வெடிச்சிருக்கு. சிமிட்டிய நான் களவாண்டேண்ணே வையுங்க. எட்டுலயும் ஸ்கேல் வச்சு அளந்தா களவாண்டேன்?"

நான் குறிப்பேட்டில் எதையோ எழுதினேன்.

மறுநாள் சாந்து காய்ந்தபின் திரும்பவும் போனோம். நாங்கள் அடியில் இருக்கும்போது ஒரு மீன்படகு முகப்பில் வந்து அணைந்தது. பலமாகக்கூட இல்லை, சும்மா ஒரு தட்டு. எங்களுக்குப் பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம். திரும்பினால் குட்டைக்காலில் ஒட்டிய கண்ணாடி இரண்டாகியிருந்தது. படகு இன்னொரு தடவை அசைந்தது. அடுத்த காலில் 'டிக்'. ஒப்பிட்டுப் பார்க்க நெட்டைக்காலில் ஒட்டியிருந்த கண்ணாடி முழுசாக மின்னிக்கொண்டிருந்தது.

மரியதாசன் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டேன். நீளம் இரண்டு மடங்கானால் தள்ளுவதற்குக் காட்டும் எதிர்ப்பு எட்டில் ஒன்றாகிவிடும். அரைமணி நேர வேலை. நூறு பங்கு பாரத்தில் கரையோர வரிசைக்கு எழுபது, நடு வரிசைக்கு இருபத்தொன்று, கடலோர வரிசைக்கு ஒன்பது. நாங்கள் ஆளுக்கு இரண்டு டன் என்று எழுதியிருந்தோம். உண்மையில் குட்டைக்கால் ஒவ்வொன்றும் நாலு டன்னுக்கு மேல் வாங்கியிருக்கிறது, நெட்டைக்கால் அரை டன். அதிகம் வாங்குகிற எட்டுப் பேருக்குத்தான் நான் கம்பியைப் பாதியாக்கியிருந்தேன்.

ஒரு சந்தேகத்தில் ஆவண அறைக்குப் போய் அந்தப் படிவத்தின் பழைய பிரதியைத் தேடி எடுத்தேன். அதில் மூன்று வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் நாலாவதாக ஒரு வரி இருந்தது: 'கடல் தரை சமமாகவும் கால்கள் ஒரே நீளமாகவும் இருந்தால் மட்டும்.' எங்கள் பிரதியில் அந்த வரி இல்லை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு சுகுமாரன் சார் அறைக்குப் போனேன். கண்ணாடி காயும்வரை நின்றேன். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கை முதல் வரியிலிருந்து படித்தார். எழுபது, இருபத்தொன்று, ஒன்பது என்ற இடத்தில் பென்சிலால் மெல்லத் தட்டினார்.

"கணக்கு சரியாக்கும்," என்றார். "அதுகொண்டுதான் இது வேண்டா."

பழைய படிவத்தைக் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அந்த வரி பேப்பர்ல ஒதுங்கலை. மூணு கையெழுத்துக்கு எடம் வேண்டே? நான்தான் வெட்டச் சொன்னேன்."

பிறகு ஜெட்டிக் கோப்பைத் திறந்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். 'கணக்கிட்டவர்' கட்டத்தில் நீல முனையை வைத்தார். "இது யாரு?"

"நான்தான் சார்."

"கம்பிய பாதியாக்கினது?"

"நான்தான்."

"நான் வெறும் அங்கீகரித்தவர். நீ தந்ததை அங்கீகரிச்சேன். அது என்ற தப்பாணோ?" என்று கேட்டுவிட்டு, சாவகாசமாக, "புரமோஷன் லிஸ்ட் அடுத்த மாசம் வருது, அறியாமோ?" என்றார். "மரியதாசனுக்கு ஒண்ணும் ஆவாது. நமக்கு நோக்காம்."

இதற்கிடையில் உடைந்த கால்களைத் துளைத்துக் கான்கிரீட் உருளைகள் எடுத்து நசுக்கிப் பார்த்தார்கள். கான்கிரீட் முதல் தரம் என்று முடிவு வந்தது. குழு அதைப் படித்துவிட்டு, 'எடுத்த இடத்தில் நன்றாக உள்ளது, எடுக்காத இடத்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை' என்று எழுதியது. இதற்குமேல் ஒரு ஓவர்சியர் தன்னை நல்லவன் என்று நிரூபிக்க வேண்டுமானால் எட்டுக் காலையும் பொடியாக்கித் தட்டில் வைத்து நீட்ட வேண்டும்.

விசாரணை நாளன்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கேள்வி ஒன்றே ஒன்றுதான். வடிவமைப்புக் கணக்கில் பிழை இருக்க வாய்ப்பு உண்டா? மூன்று பேர் முகத்தையும் பார்த்தேன். ஓரமாக உட்கார்ந்திருந்த சுகுமாரன் சார் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். என் சட்டைப்பையில் எழுபது, இருபத்தொன்று, ஒன்பது மடித்து இருந்தது.

"அலுவலக நடைமுறைப்படியே கணக்கிடப்பட்டது," என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இப்படி ஒரு வாக்கியத்தை அமைப்பதற்கு நான் இரண்டு நாள் உழைத்திருந்தேன். கணக்குக்கு அரைமணி நேரம்தான் ஆனது.

வெளியே வராந்தா பெஞ்சில் மரியதாசன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு இருந்தார். எழுந்து வந்தார்.

"கண்ணாடி பொட்டின காரியம் சொன்னியளா சார்?"

"எல்லாம் நல்லபடியா முடியும்," என்று சொல்லிவிட்டு, பாத்ரூம் போகிறவன் போல வேகமாக நடந்தேன்.

நல்லபடியாகத்தான் முடிந்தது, எனக்கு. திருட்டு நிரூபிக்கப்படவில்லை, ஆனால் மேற்பார்வையில் கவனக்குறைவு என்று முடித்தார்கள். வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து கடலைவிட்டு நகராத மனிதரை, பொன்முடி மலைக்குக் கீழே கல்லாற்றுக்கு மதகு கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கிருந்தே அவர் ஓய்வு பெற்றார், ஓவர்சியராகவே. எனக்கு அடுத்த மாதம் புரமோஷன் வந்தது. சுகுமாரன் சாரைக் கழுத்து தெரியாத அளவு மாலை போட்டு வழியனுப்பினோம். வழியனுப்பு உரை நான்தான் எழுதினேன். அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் மலருக்கு முன்னுரை அவர்தான்.

பல வருடம் கழித்து அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தபோது ஜெட்டியில், அன்று பூசி அடைத்த பழைய இடத்திலேயே வெடிப்பு மறுபடி வந்தது. இந்தத் தடவை சரியாகச் செய்தேன். குட்டைக்கால்களுக்குக் கம்பி சேர்த்தேன். பிறகு ஒவ்வொரு காலையும் சுற்றித் தோண்டி, மண் சரியாமல் ஒரு பெரிய வளையம் இறக்கி, காலை மண்ணிலிருந்து விடுவித்தேன். பலவீனமான காலைப் பிடித்திருக்கிற மண்ணையே எடுக்கச் சொல்லுகிறானே என்று காண்ட்ராக்டர் பயந்துபோனார். மண் விலகியதும் குட்டைக்கால் நெட்டைக்கால் போலக் கொஞ்சம் வளையத் தொடங்கியது, பாரமும் பிரிந்து மற்ற வரிசைகளுக்குப் போயிற்று. கண்ணாடி ஒட்டிப் பார்த்தோம், உடையவில்லை. இதற்குத்தான் கேடயம். 'நூதன முறை' என்று பொறித்திருக்கிறது. நானே உடைத்ததை நானே ஒட்டினேன் என்று பொறிக்க இடம் போதவில்லை. கோப்பில் நான் எழுதிய காரணம், 'காலப்போக்கில் ஏற்பட்ட சேதம்'.

இத்தனைக்குப் பிறகும் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். பென்ஷன் வாங்கினேன், காலையில் நடந்தேன், இளைய தலைமுறைக்கு ஆழம் போதாது என்று நண்பர்களுடன் வருத்தப்பட்டேன். ராஜப்பன் சார் போன் செய்த வாரம் என் தங்கை மகள் பிருந்தாவின் அலுவலகத்துக்கு ஒரு வேலையாக, நகரத்துக்கு வடக்கே கழக்கூட்டத்துக்குப் போனேன். அவளும் துறைமுகக் கட்டுமானம்தான், கம்ப்யூட்டரில். திரையில் ஒரு ஜெட்டியைச் சுழற்றிக் காட்டினாள். குட்டைக்கால்கள் எல்லாம் சிவப்பாக எரிந்தன, நெட்டைக்கால்கள் நீலமாக இருந்தன. சுகுமாரன் சாருடைய பென்சில் ஞாபகம் வந்தது.

"முன்னாடி எல்லாம் இதை எண்ணிக்கையால வகுத்துச் சமமாப் போடுவாங்க," என்றேன், பொதுவாகச் சொல்வது போல.

"ஐயோ மாமா, யாரு அப்படிச் செய்வா?" என்று சிரித்தாள். "தரை சரிவுன்னா குட்டைதானே எடுக்கும், அது பேசிக் அல்லே? அப்படிச் செஞ்சவங்களை ஜெயில்ல போடணும்."

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் என்னை மரியதாசனிடம் கொண்டுபோய் விட்டது. பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் என் சிரிப்பு எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, பயமில்லாத வெட்கம்.

அடுத்த நாள் அந்தக் கடலோர ஊருக்குப் போனேன். தூரத்தில் புதிய துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் தெரிந்தன. சாயாக்கடையில் மரியதாசன் வீட்டைக் கேட்டேன்.

"எந்த மரியதாசன்? இஞ்ச தாசன் பத்துப் பேரு உண்டு," என்றான் கடைக்காரன், முப்பது வயதுக்காரன்.

"ஓவர்சியரா இருந்தவர். கல்லாற்றுல வேலை பாத்தவர்."

"ஓ, சிமிட்டி வீடு! அப்பிடிச் சொல்லாண்டாமா. கோவிலுக்குப் பின்ன ரெண்டாவது."

"சிமிட்டியா? ஏன் அந்தப் பேரு?"

"ஆருக்குத் தெரியும்? அந்தக் காலத்துல சிமிட்டி யாவாரம் செஞ்சிருப்பாவ. பேரப்பிள்ளைய வரைக்கும் பள்ளிக்கூடத்துல சிமிட்டிதான்."

என்ன குற்றம் என்பது ஊருக்கு மறந்துபோயிருந்தது. பெயர் மட்டும் உறைந்துபோய் நின்றது.

மரியதாசன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மலையேறி முட்டு போய்விட்டது என்றார். என்னை உடனே தெரிந்துகொண்டார். நான் எழுபது, இருபத்தொன்று, ஒன்பதைச் சொன்னேன். கம்பியைச் சொன்னேன். விசாரணையில் சொன்ன அந்த வாக்கியத்தையும் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"வள்ளத்துல வச்சுக் கண்ணாடி பொட்டினப்பமே எனக்குத் தெரியும் சார்," என்றார். "நீங்க மொகத்தத் திருப்பினியள்லா? பொறவு நீங்க சொல்லுவியண்ணு ரெண்டு வருசம் பாத்தேன். பொறவு பாக்கல்ல."

மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன காரியம்? எனக்குத் தெரியாததா? எங்கிட்ட சாவி வாங்கினவங்ககிட்டச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார். கோவில் நிறையச் சனம். கடிதமாக எழுதிக்கொண்டு போயிருந்ததை வாசித்தேன். ஒருவருக்கும் புரியவில்லை. நல்லவேளையாக அப்படி ஆகும் என்று ஒரு வாழைத்தண்டுத் துண்டும், வாரியலிலிருந்து உருவிய ஈர்க்குகளும் கொண்டுபோயிருந்தேன். தண்டில் குட்டை ஈர்க்கையும் நெட்டை ஈர்க்கையும் நிறுத்தி, இரண்டின் தலையையும் ஒரு அட்டையில் குத்தி, அட்டையை நெட்டை ஈர்க்கின் பக்கத்திலிருந்து தள்ளினேன். நெட்டை ஈர்க்கு வளைந்தது. குட்டை ஈர்க்கு ஒடிந்தது. "இதுதான் நடந்தது. மரியதாசன் ஒரு பிடி சிமிட்டி எடுக்கல்ல. கணக்குப் போட்டது நான்," என்றேன்.

முன்வரிசையில் இருந்த மீன்விற்கிற அம்மாள் ஒருத்தி, எழுபது வயதுக்கு மேலிருக்கும், எழுந்து நின்றாள்.

"அண்ணைக்கு ஒங்க ஆப்பீசுல ஒரு வாரியல்கூட இல்லியா சாரே?" என்று கேட்டாள்.

ராஜப்பன் சாருக்கு இந்தக் கட்டுரையை அந்தக் கேள்வியோடு அப்படியே அனுப்புகிறேன். எத்தனை வரி பேப்பரில் ஒதுங்காது என்று அவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

கமிட்டித் தலைவர், அன்று சாவியை வாங்கியவருடைய மகன், மரியதாசனிடம் வந்து உண்டியல் சாவியை மறுபடி வைத்துக்கொள்ளும்படி சொன்னார். "அந்தப் பூட்டே இப்பம் இல்லியே மக்களே," என்று சொல்லி மரியதாசன் அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். ஆனாலும் கோவிலிலிருந்து வீடு வரை நிமிர்ந்துதான் நடந்தார். முட்டுவலி இருந்தும் என் கையைப் பிடிக்கவில்லை.

அவர் வீட்டில் சாயா குடித்துவிட்டு, திரும்பிப் போக ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.

"எங்கின வரணும் சாரே?" என்றான் டிரைவர்.

"மரியதாசன் வீடு. கோவிலுக்குப் பின்னால."

"எந்த மரியதாசன்?"

"ஓவர்சியர் மரியதாசன். ரெண்டாவது வீடு."

"மனசிலாகல்லியே சாரே. வேற அடையாளம் வல்லதும் உண்டா?"

நான் மரியதாசனைப் பார்த்தேன். அவர் காலி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சிமிட்டி வீடுண்ணு சொல்லுங்க சார். அப்பிடிச் சொன்னாத்தான் வருவான்."

"ஹலோ, ஹலோ, எங்கிண்ணு சொல்லுங்க," என்று டிரைவர் கத்திக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவை அவன் கேட்டபோது சொன்னேன்.

இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டான்.